அவிசுவாசத்துக்கும் கீழ்ப்படியாமைக்கும் எதிராக அன்றாடம் காவல் காப்பது எப்படி?

ஓரேபிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் என்கிறது உபாகமம் 1:2. தேவன் தருவேன் என்று வாக்களித்த கானான் தேசத்தின் அந்த எல்லைவரை வந்து, உள்ளே போகமாட்டோம் என்று நின்றுவிட்ட இஸ்ரவேல் ஜனங்கள் சேரேத் ஆற்றைக் கடக்க அதன்பின் 38 வருஷம் ஆனது (உபாகமம் 2:14). எபிரெயர் நிருபம் இந்த ஒரே சம்பவத்துக்கு அடுத்தடுத்த வசனங்களில் இரண்டு காரணம் சொல்கிறது. 3:18இல் அவர்கள் கீழ்ப்படியாதவர்கள். 3:19இல் "அவிசுவாசத்தினாலே அவர்கள் அதில் பிரவேசிக்கக்கூடாமற்போனார்கள்." நோய் ஒன்றுதான். உள்ளே இருக்கும்வரை அவிசுவாசம், கைக்கும் காலுக்கும் வந்தபின் கீழ்ப்படியாமை. அதனால் நடத்தையை மட்டும் திருத்தப் பார்த்தால் நிலைக்காது. "விசுவாசத்தைப் பெருகப்பண்ணும் ஆண்டவரே" என்று ஜெபித்துவிட்டு, செய்யத் தெரிந்த ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாலும் நிலைக்காது. கீழே உள்ள பழக்கங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதற்கானவை.

முதலில், எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

எண்ணாகமம் 13, 14 அதிகாரங்களையும் உபாகமம் 1ஐயும் சேர்த்து வாசித்தால் வீழ்ச்சி படிப்படியாக வந்தது தெரியும். வேவு பார்த்த 12 பேரும் ஒரே தேசத்தைத்தான் பார்த்தார்கள். பத்துப் பேர் சொன்ன விவரத்தில் பொய்யில்லை: பட்டணங்கள் அரணிப்பானவை, ஜனங்கள் பலவான்கள். ஆனால் அவர்கள் போட்ட கணக்கில் தேவன் கொடுத்த வாக்கு மட்டும் இல்லை. அதனால் வந்த விடை, "நாங்கள் எங்கள் பார்வைக்கு வெட்டுக்கிளிகளைப்போல் இருந்தோம்." முதல் படி இதுதான்; பாவம் என்று யாரும் சொல்லிவிட முடியாத, மிகவும் நியாயமாகத் தோன்றுகிற படி. சம்பளம், கடன், பிள்ளையின் படிப்புச் செலவு என்று இரவில் போடும் கணக்கில் "உங்கள் பரமபிதா அறிந்திருக்கிறார்" என்பதற்கு இடமே இல்லாமல் போவது அந்தப் படி.

இரண்டாவது, கூடாரத்துக்குள் முறுமுறுப்பு. வெளியே ஆராதனை நடந்துகொண்டுதான் இருக்கும். வீட்டுக்குள், சாப்பாட்டு நேரத்தில், கணவனும் மனைவியும் தேவனைப் பற்றிப் பேசுகிற தொனி மாறியிருக்கும். மூன்றாவது, தேவனுடைய மனதையே சந்தேகப்படுவது. "கர்த்தர் நம்மை வெறுத்து" எகிப்திலிருந்து கொண்டுவந்தார் என்று அவர்கள் பேசினதை மோசே பின்னாளில் எடுத்துச் சொல்கிறார் (உபாகமம் 1:27). கடலைப் பிளந்து காப்பாற்றியவரைப் பார்த்து வந்த பேச்சு இது! நான்காவது, திரும்பிப் போகத் திட்டம்: "ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்பிப்போவோம்." ஐந்தாவது, வாக்கை நினைப்பூட்டுகிறவர்கள்மேல் கோபம். வேவு பார்த்தவர்களில் வாக்கை நம்பிய இருவரான யோசுவாவையும் காலேபையும் கல்லெறியச் சொன்னார்கள். "போதகர் என்னை வைத்துத்தான் பிரசங்கம் பண்ணுகிறார்" என்று எரிச்சல் வரத் தொடங்கியிருந்தால், முந்தைய படிகளைக் கவனிக்காமலே கடந்துவிட்டோமா என்று பாருங்கள்.

முதல் இரண்டு படிகளில் திரும்புவது எளிது. நான்காவதில் திட்டம் போட்டுவிட்ட மனம் காரணங்களைத் தானே உற்பத்தி செய்யும். அங்கிருந்து தனியாகத் திரும்பியவர்கள் குறைவு.

சனிக்கிழமை மாலை, அரை மணி நேரம்

ஒரு நோட்டுப்புத்தகம் எடுங்கள். செய்யவேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தும் செய்யாமல் இருப்பவற்றை மட்டும் எழுதுங்கள். மூன்று அல்லது நான்குக்கு மேல் வேண்டாம். முப்பது எழுதினால் குற்றவுணர்வுதான் மிஞ்சும், ஒன்றும் நடக்காது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று குறிப்பு: எப்போதிலிருந்து தள்ளிப்போடுகிறேன், எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் காரணம் என்ன, தேவன் சொன்ன எந்த வார்த்தையை இந்த இடத்தில் நான் நம்பவில்லை.

மூன்றாவது கேள்விதான் இந்தப் பயிற்சியின் உயிர். அதை விட்டுவிட்டால் இது வெறும் சுத்திகரிப்புப் பட்டியலாகிவிடும். சில மாதிரிகள்:

வீட்டு வேலை செய்பவருக்கோ கட்டட வேலைக்காரருக்கோ கொடுக்கவேண்டிய கூலி பாக்கி. சொல்லும் காரணம், "அடுத்த வாரம் பணம் வரும்." கட்டளை, பொழுதுபோகுமுன்னே கொடு என்பது (உபாகமம் 24:15). நம்பாதது, கையிருப்பு குறைந்தாலும் தேவன் நடத்துவார் என்பதை.

அண்ணனோடு வீட்டுப் பாகம் பிரித்ததில் பேச்சில்லை. காரணம், "தப்பு அவர்மேல்." நம்பாதது, "பழிவாங்குதல் எனக்குரியது" என்பதை. கணக்கைத் தேவனிடம் ஒப்படைத்தால் அவர் சும்மா விட்டுவிடுவாரோ என்ற பயம்.

மகன் கல்யாணத்தில் நகையும் பணமும். "நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகப் போட்டார்கள்." இதைச் சபையில் எல்லாரும் ஏற்றுக்கொள்வதால் கீழ்ப்படியாமை என்றே தெரிவதில்லை. சாதி பார்த்துச் சம்பந்தம் தேடுவதும் அப்படியே. இங்கே பொருந்தும் வசனம் யோவான் 5:44. தேவனால் மாத்திரம் வரும் மகிமையைத் தேடாமல் ஒருவராலொருவர் மகிமையை ஏற்றுக்கொள்ளுகிற நீங்கள் எப்படி விசுவாசிப்பீர்கள் என்று இயேசு கேட்கிறார். உறவினர் நடுவே தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்ற ஆசையே விசுவாசத்தின் வாயை அடைத்துவிடும் என்கிறார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி எழுதிவைத்து ஜெபிக்கவேண்டிய வசனம் இது.

காலண்டரில் ராகு காலம் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் அட்வான்ஸ் கொடுக்கப் போவது. "எதற்கு வம்பு" என்பதுதான் காரணம். நம்பாதது, "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்ற சங்கீதம் 31:15ஐ.

எழுதியதும், ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, யாரிடம், எந்த நாளில், என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதுங்கள். "அன்பில் வளரவேண்டும்" என்று எழுதினால் அதற்குக் கீழ்ப்படியவே முடியாது. "செவ்வாய் மாலை அண்ணனுக்குப் போன் செய்து, நான் பேசிய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்பேன்" என்றால் செய்தோமா இல்லையா என்று புதன்கிழமை தெரிந்துவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, சொன்னதற்குப் பதிலாக வேறொன்றைச் செய்வது. சவுல் ராஜா, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லியிருந்தும், அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளைத் தப்பவைத்து, பலியிடத்தான் கொண்டுவந்தோம் என்றான். அதைவிட, "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்று சாமுவேலிடம் மனதார நம்பியே சொன்னதுபோலத் தெரிகிறது (1 சாமுவேல் 15:13). மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் மூன்று நாள் உபவாசம், கூலி கொடுக்கவேண்டிய இடத்தில் ஆலயக் கட்டட நிதிக்கு நன்கொடை, இவை நம் ஊர் ஆட்டுச் சத்தங்கள். "அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழி தெரியாதபோது ஜெபித்துக் காத்திருக்கலாம். வழி தெரிந்தபின் ஜெபத்தைக் காட்டித் தாமதிப்பது மறுப்பதுதான்.

காலையில் வாசிப்பது எப்படி

புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். அது நல்ல பழக்கம், அதை மாலைக்கோ பேருந்துப் பயணத்துக்கோ வையுங்கள். காலையில் 20 நிமிஷம் வேறு விதமாக வாசியுங்கள்: ஒரு அதிகாரத்துக்குக் குறைவான பகுதி, இரண்டு முறை, இரண்டாம் முறை வாய்விட்டு. "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்று எழுதியிருக்கிறதே. பிறகு, தேவன் இங்கே தம்மைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை முதலில் எழுதுங்கள். என்ன செய்யச் சொல்கிறார் என்பது இரண்டாவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். கட்டளையை மட்டும் தேடி வாசிப்பவர்கள் சில மாதங்களில் சோர்ந்துபோவது, கட்டளையிடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க நிற்காததால்.

முதல் வாரத்துக்கு ஒரு திட்டம்: திங்கள் எண்ணாகமம் 13, செவ்வாய் 14, புதன் உபாகமம் 1, வியாழன் சங்கீதம் 95, வெள்ளி சங்கீதம் 106, சனி எபிரெயர் 3, 4. இவற்றில் சில முழு அதிகாரங்கள், நீளமானவை. இந்த ஒரு வாரம் மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 95ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்துவிடலாம், 11 வசனம்தான். ஆங்கிலிக்கன் மரபின் காலை ஆராதனையில் அது நாள்தோறும் சொல்வதற்கென்றே வைக்கப்பட்டது. மேற்கத்திய துறவிகள் இரவு ஜெபத்தை அதைக் கொண்டே தொடங்கினார்கள். பாடலாகத் தொடங்கி, "உங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தாதேயுங்கள்" என்ற எச்சரிக்கையோடு முடிகிற அந்தச் சங்கீதம் ஒவ்வொரு நாளின் வாசலிலும் நிற்கவேண்டும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

வாக்குத்தத்த வசனத்தைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கும் அட்டை, மாதத்தின் முதல் நாள் வரும் வசனம், இவற்றால் ஆறுதல் பெற்றவர்கள் ஏராளம். அந்த ஆறுதலைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அட்டையில் அச்சிட்ட பாதி வசனத்தோடு நின்றுவிடும் பழக்கம் மெதுவாக அவிசுவாசத்தை வளர்க்கிறது. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பது உபாகமம் 28:13இன் ஒரு துண்டு. கட்டளைகளைக் கைக்கொண்டு அவற்றின்படி நடக்கச் செவிகொடுத்தால் என்ற நிபந்தனை அந்த வாக்கோடு சேர்ந்தே இருக்கிறது. எரேமியா 29:11இன் நம்பிக்கை பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் என்று வருகிறது. 5 முதல் 7 வரை, அதுவரை அங்கேயே வீடு கட்டு, தோட்டம் நாட்டு, அந்தப் பட்டணத்துக்காக ஜெபி என்று வருகிறது. மார்ச் மாதத்துக்குள் வேலை கிடைக்கும் என்று அந்த வசனத்தை எடுத்துக்கொண்டவர் ஏப்ரலில், "தேவன் சொன்னதைச் செய்யவில்லை" என்ற முடிவுக்கு வருகிறார். தேவன் அதைச் சொல்லவே இல்லை. அட்டை கையில் கிடைத்தால் அந்த வாரத்துக்குள் அதன் முழு அதிகாரத்தையும், முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரத்தையும் வாசியுங்கள். யாருக்குச் சொன்னது, எதற்காக, நிபந்தனை உண்டா, கிறிஸ்துவுக்குள் அது எனக்கு எப்படி வருகிறது என்று அட்டையின் பின்புறம் எழுதுங்கள். யூடியூபில் பெயர் சொல்லி வரும் தீர்க்கதரிசனங்களுக்கும் இதே சோதனைதான். எழுதப்பட்ட வசனத்துக்கு மனம் மந்தமாகி, புதிய வார்த்தைக்காக மட்டும் காது தினவெடுத்தால் அது எச்சரிக்கை அடையாளம்.

முறுமுறுப்பும் புலம்பலும்

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது கேட்கிறார் (சங்கீதம் 13). 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. இவை அவிசுவாசம் ஆகாது, ஏனென்றால் தேவனிடம் நேராகப் பேசப்பட்டவை. தண்ணீர் இல்லாத மேரிபாவில் இஸ்ரவேல் ஜனங்கள் தேவனைப் பற்றி ஒருவரோடொருவர் பேசினார்கள்: "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா?" ஆகவே நடைமுறை விதி எளியது. எந்தக் குறையையும் மனுஷரிடம் இரண்டாம் முறை சொல்வதற்குமுன் ஒருமுறை தேவனிடம் முழங்காலில் நின்று, சொற்களை மெருகேற்றாமல் சொல்லுங்கள். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் முன்பாகவும் இப்படிச் சொல்லலாம்: "ஆண்டவரே, அப்பாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, எங்களுக்குப் புரியவில்லை." ஜெபத்தில் எல்லாம் நன்றாயிருக்கிறது என்று காட்டிவிட்டு, ஜெபம் முடிந்ததும் புலம்பும் வீட்டில் வளர்கிற பிள்ளை, ஜெபம் என்பது உண்மையைப் பேசும் இடமல்ல என்று கற்றுக்கொள்கிறது.

நாடோறும் ஒருவருக்கொருவர்

எபிரெயர் 3:13 கொடுக்கும் மருந்து தனிமையான தியானம் அல்ல, "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்." ஞாயிற்றுக்கிழமை போதாது என்று வசனமே சொல்கிறது. பாவத்துக்கு வஞ்சனை உண்டு. கடினப்பட்டவனுக்குத் தான் கடினப்பட்டது தெரியாது, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும்.

இரண்டு பேர் அல்லது மூன்று பேர் போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். மிக நெருங்கிய உறவினராக இல்லாதிருப்பது நல்லது, வீட்டு அரசியல் நடுவே வராது. நாளுக்கு ஐந்து நிமிஷப் போன், வாரம் ஒருமுறை நேரில் ஒரு மணி நேரம். கேட்கவேண்டியவை: சனிக்கிழமை எழுதிய அந்த ஒரு வரி என்னவாயிற்று? இந்த வாரம் எந்த வாக்கை நம்பக் கடினமாயிருந்தது? சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? பதில் வந்ததும் அறிவுரைக்கு ஓடாதீர்கள். முதலில் யாக்கோபு 5:16 சொல்வதுபோல் அங்கேயே ஜெபம்.

இது கெட்டுப்போகும் வழிகள் இரண்டு. ஒன்று, காலையில் வாட்ஸ்அப் குழுவில் வசனப் படம் அனுப்பிவிட்டு அதைப் புத்திசொல்லுதல் என்று நினைத்துக்கொள்வது. இன்னொன்று இதைவிடக் கொடியது: ஒருவர் அறிக்கையிட்டது "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் மூன்றாம் நபருக்குப் போவது. ஒருமுறை இது நடந்தால் அந்த மனுஷன் பல வருஷம் வாய் திறக்கமாட்டான். தொடங்கும் நாளிலேயே, அனுமதி இல்லாமல் போதகரிடம்கூடச் சொல்வதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். உயிருக்கோ பிள்ளைகளின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் அது பொருந்தாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

விழுந்த நாளில்

அன்றே, படுக்கப் போகுமுன். பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்: "தப்புகளை மன்னியும்" என்று பொதுவாக வேண்டாம், "பில்லில் 2,000 ரூபாய் கூட்டிப் போட்டேன்" என்று. பின்பு 1 யோவான் 1:9ஐ வாய்விட்டு வாசியுங்கள். மன்னிப்பை நம்பாமல் இருப்பதும் அவிசுவாசமே. மற்றவருக்கு நஷ்டம் செய்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொன்னது, அதாவது 2,000க்கு 2,400. சகேயு நாலத்தனையாகக் கொடுக்க முன்வந்தான். இதனால் மன்னிப்பை வாங்குவதில்லை. மன்னிக்கப்பட்டவன் கை திறக்கிறது.

மறுநாள் காலையில் வீராவேசமாக எழுந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். காதேசில் ஜனங்கள் அதைத்தான் செய்தார்கள். "பாவஞ்செய்தோம், இப்போது போகிறோம்" என்று மலையேறினார்கள். மோசே வேண்டாம் என்றார். உடன்படிக்கைப் பெட்டி பாளயத்தை விட்டு நகரவில்லை. ஓர்மாவரை அடிபட்டார்கள் (எண்ணாகமம் 14:40-45). குற்றவுணர்வில் எடுக்கும் பெரிய பொருத்தனைகள், 40 நாள் உபவாசம், வேலையை விட்டு ஊழியம் என்பவற்றை ஒரு மாதமாவது தள்ளிவைத்து, மூப்பர் ஒருவரோடு பேசியபின் முடிவெடுங்கள். இன்றைக்குச் சொல்லப்பட்ட சின்னக் கீழ்ப்படிதலே இன்றைய வேலை.

அவிசுவாசம் என்று தவறாகப் பெயரிடப்படுபவை

சிறையில் இருந்த யோவான்ஸ்நானன், "வருகிறவர் நீர்தானா" என்று ஆள் அனுப்பிக் கேட்டார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பதில் அனுப்பினார், ஜனங்கள் முன்பாக அவரைப் புகழவும் செய்தார் (மத்தேயு 11). கேள்வியை இயேசுவிடமே கொண்டுபோகிறவனை அவிசுவாசி என்று சொல்லாதீர்கள். "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனின் மகன் அன்றே சுகமானான்.

எலியா சூரைச்செடியின்கீழ் சாகக் கேட்டபோது, தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி கொடுத்தான். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் மனமில்லை, வாழ்வது வீண் என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசு எண்ணில் தமிழிலும் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களுக்குச் செவிகொடுக்கவேண்டாம்.

கீழ்ப்படிதல் என்ற வார்த்தையை மனுஷர் தங்கள் அதிகாரத்துக்காகப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. அடிக்கிற கணவனோடு பொறுத்துப்போ என்பதும், காணிக்கைக் கணக்குக் கேட்டவரை "அபிஷேகம்பண்ணப்பட்டவருக்கு விரோதி" என்பதும் தேவனுடைய கட்டளை அல்ல. "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று பேதுரு சொன்னது மதத் தலைவர்களின் முகத்துக்கு நேரே. அடிபடுகிற சகோதரி பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழைக்கலாம். அதில் கீழ்ப்படியாமை எதுவும் இல்லை.

ஒன்றும் உணராத மாதங்களில்

வசனம் மரத்துப்போய், ஜெபம் கூரையைத் தாண்டாததுபோல் இருக்கும் காலம் எல்லாருக்கும் வரும். அப்போது திட்டத்தைச் சுருக்குங்கள், விட்டுவிடாதீர்கள். காலையில் ஒரு சங்கீதம், வாய்விட்டு. பரமண்டல ஜெபம், நிதானமாக. ஞாயிறு ஆராதனை, பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். திருவிருந்தைத் தவிர்க்காதீர்கள், சகோதரனோடு பகை இருந்தால் அதற்குமுன் போய் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு பேரில் ஒருவரிடம் "எனக்கு இப்போது நம்பிக்கை வரவில்லை, நீங்கள் எனக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை நோட்டில் அந்த மாதம் ஒரே வரி போதும், அதுவும் சிறியதாக இருக்கட்டும்: கொடுக்கவேண்டிய ஒரு கூலி, எழுதவேண்டிய ஒரு கடிதம், எடுக்கவேண்டிய ஒரு போன்.